கை தூக்கிய மறுநாள்: வட மாநில மிஷன் பணிக்குப் புறப்படுகிறவர்களுக்கு

கன்வென்ஷன் கடைசி இரவில் பிரசங்கியார் அழைப்புக் கொடுத்தார், நீங்கள் கை தூக்கினீர்கள், அர்ப்பணிப்பு அட்டையில் பெயர், சேகரம், வயது எல்லாம் எழுதிக் கொடுத்தீர்கள். மறுநாள் காலை வேலைக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது "அடுத்து என்ன?" என்ற கேள்வி வரும். பெரும்பாலான சபைகளில் அதற்குத் தெளிவான பதில் கிடைப்பதில்லை. ஒன்று, "ஜெபியுங்கள் தம்பி" என்று அனுப்பிவிடுவார்கள். இல்லையென்றால் அடுத்த மாதமே ஜார்க்கண்டுக்கு ரயிலேற்றிவிடுவார்கள். இரண்டுமே தவறு.

தமிழ்நாட்டிலிருந்து வட மாநிலப் பணித்தளத்துக்குப் போக நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். புறப்படுவதற்கு முன் ஓராண்டு, போய்ச் சேர்ந்தபின் இரண்டு ஆண்டு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: அழைப்பை எழுதிப் பார்ப்பது

ஒரு தாளில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். யாருக்காகப் போகிறேன்? அங்கே என் கையால் என்ன வேலை செய்வேன்? இந்த வேலையை என் ஊரில் இப்போது செய்கிறேனா? மூன்றாவதுக்கு "இல்லை" என்று வந்தால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அரசு மருத்துவமனையில் துணைக்கு ஆளில்லாத நோயாளியோடு வாரம் ஓர் இரவு, தொழுநோயாளர் இல்லத்தில் சனிக்கிழமை, வெளிமாநிலத் தொழிலாளர் தங்கியிருக்கும் தகரக் கொட்டகையில் ஞாயிறு மாலை என்று ஏதாவது ஒன்றை ஆறு மாதம் விடாமல் செய்யுங்கள். திருப்பூரிலும் ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் பீகாரும் ஒடிசாவும் உங்கள் வாசலுக்கே வந்திருக்கின்றன. அவர்களில் ஒருவருக்கு வங்கிக் கணக்கு தொடங்கவோ ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கவோ உதவப் பொறுமை இல்லாதவருக்கு, ரயிலில் இரண்டு நாள் போனவுடன் அது வந்துவிடாது.

நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் அலங்கம் இடிந்த செய்தி கிஸ்லேவு மாதத்தில் வருகிறது. ராஜாவிடம் அவர் வாய் திறப்பது நிசான் மாதத்தில், ஏறக்குறைய நான்கு மாதம் கழித்து. அதுவரை உபவாசமும் ஜெபமும். ஆனால் வாய் திறந்தபோது கையில் பட்டியல் இருந்தது: எத்தனை நாள் ஆகும், எந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், மரம் யாரிடம் வாங்க வேண்டும். உணர்ச்சி வற்றியபிறகும் பட்டியல் நிற்கிறதா என்று பார்க்க அந்த நான்கு மாதம் போதும்.

பிறகு மூன்று பேரிடம் கேளுங்கள். முதலாவது, உங்கள் சபைப் போதகரான ஐயர். இரண்டாவது, உங்கள் கோபத்தை நேரில் பார்த்த ஒருவர். அக்காவோ அறைத்தோழரோ பழைய மேலாளரோ. மூன்றாவது, பணித்தளத்தில் குறைந்தது ஐந்து வருடம் இருந்துவிட்டு வந்தவர். அந்தியோகியாவில் பவுலையும் பர்னபாவையும் பிரித்துவிடுங்கள் என்ற சொல் சபை கூடியிருக்கையில்தான் வந்தது. சபைதான் கைவைத்து அனுப்பியது (அப்போஸ்தலர் 13). உங்களுக்கு மட்டுமே கேட்ட அழைப்பு, பக்கத்தில் இருக்கும் மூன்று பேருக்கும் கேட்கவில்லை என்றால் கொஞ்சம் நில்லுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். தேர்வில் தோல்வி, கல்யாணப் பேச்சு முறிந்தது, கடன்காரர் தொல்லை, வேலை போனது: இவை நடந்த மூன்று மாதத்துக்குள் வரும் அழைப்பை ஓராண்டு ஆறப்போடுங்கள். உண்மையான அழைப்பு ஓராண்டில் செத்துவிடாது.

வீட்டில் பேசுவது

கணவருக்கு அழைப்பு, மனைவிக்கு இட்லிப் பானை. பாதியில் திரும்பும் குடும்பங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். மனைவிக்குத் தனியாக என்ன வேலை, அவருக்கு மொழிப்பயிற்சி நேரம் உண்டா, அந்த நேரத்தில் குழந்தையை யார் பார்ப்பது என்பதை எழுத்தில் முடிவு செய்யாமல் கிளம்பாதீர்கள். அவர் மொழி கற்காவிட்டால் நான்கு சுவருக்குள் தமிழ் சீரியலோடு அடைபடுவார். இரண்டாம் வருடம் ஊருக்குத் திரும்பச் சொல்வார். குற்றம் அவர் மேல் இல்லை.

பிள்ளைகள் படிப்பை ஒன்பதாம் வகுப்புக்கு முன்பே யோசியுங்கள். விடுதியில் விடுவது என்றால் வருடத்துக்கு எத்தனை முறை பார்க்கப் போவீர்கள், ரயில் செலவு யாருடையது என்பதை உங்களை அனுப்பும் மிஷன் சங்கத்திடம் கேளுங்கள். அப்பா அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனால் யார் பார்ப்பது என்று உடன்பிறந்தவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டுப் போனால், பார்த்துக்கொள்வது தங்கச்சியாகத்தான் இருக்கும்.

பணம்

கல்விக்கடன், நகைக்கடன், சீட்டுப் பாக்கி எல்லாவற்றையும் தீர்த்துவிட்டுப் போங்கள். ஆறு மாதச் செலவுக்கான தொகை உங்கள் பெயரிலேயே வங்கியில் இருக்கட்டும். மருத்துவக் காப்பீடு, வருங்கால வைப்பு நிதி உண்டா என்று கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது.

ஆதரவாளர்களைச் சேர்க்கும்போது கணக்கு எளிது. மாதம் 15,000 தேவை என்றால் ஒரே பணக்காரர் தருவதைவிட 30 பேர் ஆளுக்கு 500 தருவது மேல். பணக்காரர் ஒருவருக்கு மனம் மாறினால் அடுப்பு அணையும். முப்பதில் நான்கு பேர் விலகினாலும் சோறு கொதிக்கும். அதோடு முப்பது பேர் ஜெபிக்கிறார்கள். மிசோரம் சபைகளில் ஒவ்வொரு சமையலுக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியை மிஷனுக்கென்று எடுத்து வைப்பார்கள். அதை விற்ற காசில் ஊழியர்களை அனுப்புகிறார்கள். திருநெல்வேலியில் 1903 பிப்ரவரி 12 அன்று தொடங்கிய இந்திய மிஷனெரிச் சங்கமும் இந்தியர் பணம், இந்தியர் ஆட்கள், இந்தியர் நிர்வாகம் என்ற பிடிவாதத்தில்தான் நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்னக்கல் பகுதிக்கு ஆள் அனுப்பியது.

வெளிநாட்டில் இருக்கும் நண்பர் பணம் அனுப்புகிறேன் என்றால் உங்கள் சொந்தக் கணக்கில் ஊழியத்துக்கென்று வாங்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டும்தான் வாங்கலாம். அதுவும் 2020 திருத்தத்துக்குப் பின் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான். அப்படி வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்க வேண்டாம்.

சங்கத்தைத் தேர்ந்தெடுப்பது

நேர்முகத் தேர்வில் அவர்கள் உங்களைக் கேட்பார்கள். நீங்களும் கேளுங்கள். கடந்த ஆண்டுத் தணிக்கை அறிக்கையைக் காட்டுவீர்களா? மொழி கற்க எத்தனை மாதம் விடுவீர்கள்? என் மேலாளருக்கும் எனக்கும் ஒத்துப்போகாவிட்டால் யாரிடம் முறையிடுவது? மாத அறிக்கையில் எதை எண்ணச் சொல்கிறீர்கள்?

கடைசிக் கேள்விதான் முக்கியம். ஞானஸ்நானக் கணக்கை மட்டும் கேட்கும் சங்கத்தில் ஊழியர் மெல்ல மெல்லப் பொய் எழுதக் கற்றுக்கொள்வார். ஆங்கிலேய மிஷனெரி வில்லியம் கேரி வங்காளத்தில் இறங்கியது 1793 நவம்பரில். அவர் ஞானஸ்நானம் கொடுத்த முதல் வங்காளி கிருஷ்ணபால் என்ற தச்சர், 1800 டிசம்பரில். தோள்பட்டை நழுவிய அவருக்கு உடன் ஊழியர் மருத்துவர் ஜான் தாமஸ் எலும்பைச் சேர்த்து வைத்ததில் தொடங்கிய பழக்கம் அது. இடையில் ஏழு வருடம். இன்றைய மாத அறிக்கைப் படிவத்தில் கேரி எண்பதுக்கும் மேற்பட்ட முறை பூஜ்யம் எழுதியிருப்பார்.

உடம்பு

புறப்பட எட்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும். காரணம் எளியது: ஹெபடைடிஸ் பி ஊசியின் மூன்று தவணை 0, 1, 6 மாதம் என்று போகிறது. டைபாய்டு, டெட்டனஸ் ஊசிகளையும் நாய்க்கடித் தடுப்பூசியையும் மருத்துவரிடம் கேளுங்கள். பல் வேலை எதுவும் பாக்கி வைக்காதீர்கள். கடைவாய்ப் பல் வலி பல் டாக்டர் இல்லாத ஊரில்தான் வரும்.

ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் காட்டுப் பகுதி என்றால் மலேரியா கட்டாயம் கணக்கில் வர வேண்டும். 'ஜி6பிடி' என்ற ரத்தப் பரிசோதனையை ஊரிலேயே செய்து முடிவைப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த நொதி குறைவாக உள்ளவர்களுக்கு மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுவின் மாத்திரை ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அங்கே போய்க் காய்ச்சல் வந்தபின் இந்தப் பரிசோதனைக்கு இடம் தேடுவது பெரும்பாடு. மருந்து தோய்த்த கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகித் தூங்குங்கள். காய்ச்சல் வந்த அன்றே கிராமத்துச் சுகாதாரத் தொண்டரான ஆஷா பணியாளரிடம் போனால் விரல் நுனி ரத்தத்தில் கால் மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள்.

பலர் தவறுவது விடுமுறையில்தான். ஊருக்கு வந்த இரண்டாம் வாரம் காய்ச்சல். உள்ளூர் டாக்டர் வைரல் என்று ஊசி போடுவார். "நான் மலேரியா பகுதியிலிருந்து வந்திருக்கிறேன், ரத்தம் பாருங்கள்" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஃபால்சிபாரம் வகை மலேரியா மூளையைத் தாக்க ஓரிரு நாள் போதும்.

மொழி: முதல் ஆண்டின் முழு வேலை

மற்றதெல்லாம் அரைகுறையாக இருந்தாலும் சமாளிக்கலாம். இதை விட்டால் ஒன்றும் இல்லை.

சீகன்பால்க் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715க்குள் தமிழில் அச்சாகி வெளிவந்துவிட்டது. ஜெர்மன்காரர் நம் மொழிக்காக மணலில் உட்கார்ந்தார். நாம் இந்தி கற்க நாற்காலி கேட்கிறோம்.

முதல் இரண்டு வாரத்தில் நாகரி எழுத்தைப் படித்துவிடுங்கள். இந்தியைத் தமிழ் எழுத்தில் குறிப்பெடுப்பதை அன்றோடு நிறுத்துங்கள். ஏன் என்றால், சாப்பாடு, பாட்டு, ஒற்றைக்கண்ணன் ஆகிய மூன்று இந்திச் சொற்களையும் தமிழில் எழுதினால் 'கானா' என்றுதான் வரும். நோட்டைப் பார்த்துப் படித்துவிட்டு, விருந்துக்கு அழைத்த வீட்டம்மாவிடம் உங்கள் ஒற்றைக்கண்ணன் நன்றாக இருந்தான் என்று பாராட்டியவர்கள் உண்டு. மூச்சு விட்டுச் சொல்லும் எழுத்துகளுக்கு ஒரு பயிற்சி: உள்ளங்கையை வாய்க்கு நாலு விரல்கடை தூரத்தில் வைத்துச் சொல்லுங்கள், காற்று கையில் படும் எழுத்தும் படாத எழுத்தும் தனித்தனியாகத் தெரியும்.

அடுத்த இடறல், பொருளுக்கும் பால் உண்டு என்பது. ரொட்டி பெண்பால், சாப்பாடு ஆண்பால்; வினையும் அதற்கேற்ப மாறும். தனிச் சொல்லாக மனப்பாடம் செய்யாமல் 'பெரிய' என்ற அடையோடு சேர்த்தே செய்யுங்கள்: படீ ரொட்டி (பெரிய ரொட்டி), படா கர் (பெரிய வீடு). மூன்றாவது, எதிரில் இருப்பவரை அழைக்கும் மூன்று சொல்: 'து', 'தும்', மரியாதைக்கு 'ஆப்'. பாடப்புத்தகத்தில் மூன்றும் இருக்கிறது என்பதற்காகப் பழங்குடிப் பெரியவரைத் 'தும்' என்று அழைத்துவிடாதீர்கள். மேல்சாதிக்காரர் அவரை அப்படித்தான் அழைக்கிறார். நீங்கள் 'ஆப்' என்று அழைக்கும்போதே நீங்கள் யார் என்று அவருக்குப் பாதி தெரிந்துவிடும்.

நாள் ஒழுங்கு இப்படி: காலை இரண்டு மணி நேரம் உள்ளூர் ஆளோடு பாடம். ஐந்து வாக்கியம் மட்டும். "நான் தமிழ்நாட்டிலிருந்து வருகிறேன். உங்கள் மொழி கற்கிறேன். எனக்கு இவ்வளவுதான் தெரியும். இதற்கு என்ன பெயர்? நாளை மறுபடி வருகிறேன்." மாலை இரண்டு மணி நேரம் அதே ஐந்தை இருபது பேரிடம் சொல்லுங்கள். டீக்கடை, கைப்பம்பு, ஆடு மேய்க்கும் பையன். இருபதாவது ஆளிடம் சொல்லும்போது வாய் தானாகச் சொல்லும். மறுநாள் வேறு ஐந்து. ஆறு மாதத்தில் சந்தையில் சண்டை போடும் அளவு வந்திருக்க வேண்டும். முதல் ஆறு மாதம் பிரசங்கம் கேட்டால் மறுத்துவிடுங்கள். மொழிபெயர்ப்பாளர் துணையோடு பேசிப் பழகியவர் மொழி கற்பதில்லை.

இந்தியோடு நிற்காதீர்கள். கடைக்கும் அலுவலகத்துக்கும் இந்தி. அழுகைக்கும் தாலாட்டுக்கும் வீட்டு மொழி. இங்கே தமிழருக்கு ஒரு சலுகை இருக்கிறது. ஓராவோன் மக்களின் குடுக், ராஜ்மகால் மலையின் மால்டோ, கந்தமால் பகுதியின் குயி, கோண்டி எல்லாமே திராவிட மொழிகள். குடுக் மொழியில் 'ஏன்' என்றால் நான், 'நீன்' என்றால் நீ. கோண்டியில் கண் 'கன்', கை 'கய்'. இந்திக்காரர் தடுமாறும் இடத்தில் நாம் வீட்டுக்குள் நடப்பதுபோல் நடக்கலாம். இதற்காகவே அந்தப் பகுதிகளைத் தேர்ந்தெடுப்பதில் தப்பில்லை.

கையால் என்ன செய்வது

மருத்துவம் படிக்காதவர் மாத்திரை கொடுக்கக் கூடாது. தலைவலி மாத்திரையும்கூட. ஆனால் படிக்காதவர் செய்யக்கூடியது ஏராளம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமும் ஒருவரைச் சளிப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போகலாம். காசநோய் என்றால் மருந்து இலவசம், குறைந்தது ஆறு மாதம்; அரசு தரும் சத்துணவுத் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். அந்தப் பணம் வங்கிக் கணக்கும் ஆதாரும் பொருந்தாமல் நின்றுபோயிருக்கும். அதைச் சரிசெய்ய நான்கு முறை அலைவதுதான் ஊழியம். இரண்டாம் மாதம் உடம்பு தேறியதும் மருந்தை நிறுத்திவிடுவார்கள். அப்போது வீட்டுக்குப் போய் உட்காருவதும் ஊழியம்தான்.

தொழுநோய் ஆறியும் உணர்ச்சி திரும்பாத பாதங்களுக்கு ஒரு தினசரி முறை இருக்கிறது. வாளியில் சாதாரணத் தண்ணீர். வெந்நீர் கூடாது, சுட்டாலும் அவருக்குத் தெரியாது. பாதத்தை 20 நிமிடம் ஊறவையுங்கள். தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெல்லத் தேயுங்கள். துடைக்காமல் ஈரத்தோடேயே எண்ணெய் பூசினால் ஈரம் தோலுக்குள் நிற்கும். பிறகு விரலிடுக்கு, குதிகால் என்று கண்ணால் பார்த்துப் புதிய கொப்புளம், சிவப்பு இருக்கிறதா என்று தேடுங்கள். மைக்ரோசெல்லுலார் ரப்பர் பதித்த செருப்பு வேண்டும். ஆணி அடித்த செருப்பு ஆகாது. வலி தெரியாததால் வரும் காயம்தான் விரல்களைத் தின்கிறது என்பதை 1946இல் வேலூருக்கு வந்த மருத்துவர் பால் பிராண்ட் நிறுவிக் காட்டினார். அதுவரை நோயே விரலை உதிர்க்கிறது என்று நம்பினார்கள். நீங்கள் அந்தப் பாதத்தைத் தொட்டுச் செய்து காட்டினால்தான் நோயாளி தானே செய்யக் கற்றுக்கொள்வார். தூரத்தில் நின்று சொன்னால் செய்யமாட்டார்.

குழந்தைகள் இல்லம் தொடங்காதீர்கள்

புதிய ஊழியர்கள் பலருக்கும் முதல் யோசனையாக வருவது இதுதான். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் 41ஆம் பிரிவின்படி பதிவு கட்டாயம். பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ இரண்டுமோ. சட்டத்தைவிடப் பெரிய காரணம், அந்தப் பிள்ளைகளில் பலருக்கு அம்மா இருக்கிறார், வறுமைதான் பிரித்திருக்கிறது. அம்மா வீட்டிலேயே வளர்க்க உதவினால் செலவும் குறையும். மாலை வகுப்பு நடத்தினால் கதவு திறந்தே இருக்கட்டும், பெரியவர் இருவர் எப்போதும் இருக்கட்டும். குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாமல் சங்கத்துக்குள் மூடினால் போக்சோ சட்டத்தில் அதுவே குற்றம்.

சட்டம்

அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் 1977இல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில், பரப்பும் உரிமையில் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒடிசா (1967), மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், குஜராத், உத்தரப் பிரதேசம் எனப் பல மாநிலங்களில் மதமாற்றம் பற்றித் தனிச் சட்டம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் மதம் மாற விரும்புகிறவர் 60 நாள் முன்பும், அதை நடத்துகிறவர் ஒரு மாதம் முன்பும் மாவட்ட ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். போகும் மாநிலத்துச் சட்டத்தை வழக்கறிஞர் ஒருவரோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

ஒடிசாச் சட்டத்தில் 'பலவந்தம்' என்பதற்குள் தெய்வகோபம் வரும் என்று மிரட்டுவதும் அடங்கும். நம்மூர் மேடைப் பிரசங்கத்தில் சாதாரணமாக வரும் வாக்கியம் அங்கே குற்றம். அரிசி, மருந்து, பள்ளிக் கட்டணம் எதையும் ஜெபத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர் ஜெபம் வேண்டாம் என்றால் அதே வரிசையில் அதே மருந்து கிடைக்க வேண்டும். சட்டமே இல்லாவிட்டாலும் அதுதான் நியாயம்; கூழுக்காக வணங்குகிறவனை இயேசுவும் கேட்கவில்லை.

கடிதமும் படமும்

ஆதரவாளர்களுக்கு மாதம் ஒரு பக்கம் எழுதுங்கள். ஒரு நடந்த காரியம், ஒரு தோல்வி, இரண்டு ஜெபக்குறிப்பு, வரவு செலவு. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். மூக்கு ஒழுகும் பிள்ளையின் படத்தை சபையில் திரையிடாதீர்கள். அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றி அந்த ஊருக்கே திரும்பிப்போகும். பையனின் அப்பா பார்ப்பார். "எங்களை இப்படியா காட்டினாய்?" என்று அவர் கேட்ட பிறகு அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்க முகம் இருக்காது.

திரும்ப நேர்ந்தால்

மூன்று வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, வீட்டில் பேச்சு நின்றுவிட்டது, உள்ளூர் மக்களைப் பற்றி 'இவங்க இப்படித்தான்' என்று பேசத் தொடங்கிவிட்டீர்கள்: இவற்றில் இரண்டு சேர்ந்தால் உடனே விடுப்பு கேளுங்கள். மாற்கு என்னும் யோவான் பம்பிலியாவிலிருந்து பாதியில் வீடு திரும்பினார். பின்னாளில் அதே பவுல், அவன் ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமானவன், கூட்டிக்கொண்டு வா என்று எழுதுகிறார்.

திரும்பும்போது சொல்லாமல் போகாதீர்கள். குறைந்தது ஒரு மாதம் முன்பே ஊர்ப் பெரியவரிடம் சொல்லுங்கள். காசநோய் மருந்து சாப்பிடுகிறவர்களின் பட்டியல், யாருக்கு எந்தத் தேதியில் அடுத்த பரிசோதனை, யாருடைய வங்கி மனு எந்த மேசையில் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி, அடுத்து வருகிறவரின் கையில் கொடுத்து, அவரோடு ஒவ்வொரு வீடாக ஒரு சுற்றுப் போய்விட்டு ரயிலேறுங்கள்.